அமெரிக்க இடைக்காலத் தேர்தல் முடிவை வீட்டிலிருந்தே கணக்குப் போடுவது எப்படி?

நம்மூர் எண்ணிக்கை மையத்தில் கட்சி முகவராக உட்கார்ந்து பழகியவன் நான். காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டு, அப்புறம் ரவுண்டு ரவுண்டாக இயந்திரம். மகன் டெக்சாஸில் வேலை பார்ப்பதால் அந்த ஊர் தேர்தலையும் பார்க்க ஆரம்பித்தேன். அதிபரின் நாலு வருஷப் பதவிக் காலத்தின் நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடப்பதுதான் இடைக்காலத் தேர்தல். அங்கே நம் பழக்கம் எதுவும் உதவாது.

முதலில் ஒரு நோட்டில் எழுதுங்கள்: நம் மக்களவை மாதிரியான பிரதிநிதிகள் சபையில் மொத்தம் 435, பெரும்பான்மைக்கு 218. எதிர்த்தரப்பு அதை எட்ட இன்னும் எத்தனை இடம் பறிக்க வேண்டும் என்பதை அதன் கீழே குறியுங்கள். அதிபரின் கட்சி இந்தத் தேர்தலில் இடம் இழப்பது வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1998, 2002 இரண்டில்தான் அதற்கு இடம் கூடியது. அதனால் எத்தனை இடம் போனது என்றுதான் பார்க்க வேண்டும். 1994-ல் 54, 2010-ல் 63. அதற்குப் பெயர் அலை.

மேலவையான செனட்டைத் தனியாக வையுங்கள். 100 இடங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் தேர்தல். அந்த முறை எந்தெந்த மாநிலங்கள் மாட்டுகின்றன என்பதே பாதி முடிவு. 2018-ல் அப்போதைய அதிபர் ட்ரம்பின் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் சுமார் 40 இடங்களை இழந்தது. அதே ராத்திரி செனட்டில் அதற்கு இரண்டு கூடியது.

நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய்தான் வாக்குப்பதிவு. நமக்குப் புதன் விடியற்காலை. கென்டக்கி, இண்டியானாவின் பெரும்பகுதியில் நம் நேரம் நாலரைக்கே முடிந்துவிடும். அவசரப்பட வேண்டாம். ஐந்தரைக்கு வர்ஜீனியா முடியும்போது காபியோடு உட்கார்ந்தால் போதும். நான் நம்புவது இந்த மாநிலத்தைத்தான். 2010-ல் 28 ஆண்டுகள் சபை உறுப்பினராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ரிக் பௌச்சர் இங்கே தோற்றார். 2018-ல் குடியரசுக் கட்சியின் பார்பரா காம்ஸ்டாக் ஆரம்பத்திலேயே விழுந்தார். 2022-ல் குடியரசுக் கட்சி அலை வரும் என்று ஊரே சொன்னது. வர்ஜீனியாவின் 2-வது தொகுதி அந்தக் கட்சிக்குக் கைமாறியது, ஆனால் 7-வதில் ஜனநாயகக் கட்சியின் அபிகேல் ஸ்பான்பெர்கர் தப்பித்தார். கடைசியில் சபையில் குடியரசுக் கட்சிக்கு 222, ஜனநாயகக் கட்சிக்கு 213. அலை இல்லை, சபையில் பெரும்பான்மை மட்டும் கைமாறியது.

யார் முன்னிலை என்று திரையில் ஓடுவதைப் பார்க்காதீர்கள். ஓட்டு கிட்டத்தட்ட முழுசாக எண்ணப்பட்ட கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஒன்றை எடுத்து, போன தேர்தலோடு ஒப்பிடுங்கள். சும்மா ஓர் உதாரணம்: போன முறை 60-40, இப்போது 54-46 என்றால் இடைவெளி 20-லிருந்து 8 ஆகிவிட்டது. ஜெயித்தவர் அதே ஆள்தான், ஆனால் காற்று திரும்பிவிட்டது. பல கவுண்டிகளில் இதே அளவு சரிவு தெரிந்தால், போன முறை பத்து சதவீத வித்தியாசத்துக்குள் ஜெயித்த அந்தக் கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் ஆபத்து. சிவப்பு (குடியரசுக் கட்சி), நீல (ஜனநாயகக் கட்சி) வரைபடத்தை அணைத்தே விடலாம். ஆளில்லாத மேய்ச்சல் நிலமும் அதில் பெரிதாகத் தெரியும்.

சென்னையில் பிறந்தவர் என்று பிரமிளா ஜெயபாலின் தொகுதியைத் தேடிப் பார்ப்பவர்கள் உண்டு. பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தத் தொகுதி இருக்கும் சியாட்டில் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஒன்பதரைக்குக் கலிபோர்னியா முடியும். அங்கே தபால் ஓட்டு வாரக்கணக்கில் எண்ணப்படும். நாடு முழுவதற்கும் முடிவு அறிவிக்க நம் தேர்தல் ஆணையம் மாதிரி ஒன்று கிடையாது. ஃபெடரல் தேர்தல் ஆணையம் என்று ஒன்று உண்டு, அது பார்ப்பது பணக் கணக்கை. 'ஜெயித்தார்' என்று முதலில் சொல்வது அசோசியேட்டட் பிரஸ் மாதிரி செய்தி நிறுவனங்கள். மாநிலங்கள் சான்றளிப்பது பிறகுதான். 2018-ல் கலிபோர்னியாவில் டேவிட் வலடாவோ ஜெயித்ததாக அசோசியேட்டட் பிரஸே அறிவித்து, பிறகு திரும்பப் பெற்றது. 862 ஓட்டில் அவர் தோற்றிருந்தார்.

அதனால் பத்து மணிக்கு மேல் வேலையைப் பாருங்கள். இழுபறித் தொகுதிகளை மட்டும் நோட்டில் வைத்து, சாயங்காலம் ஒரு முறை சரிபாருங்கள். ஜார்ஜியாவில் செனட் போட்டி இருந்தால் பக்கத்தில் 'டிசம்பர்' என்று பென்சிலில் எழுதி வையுங்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் அங்கே மறுபடி ஓட்டு. 2022-ல் அப்படித்தான் டிசம்பர் 6 வரை இழுத்தது.