அம்மாவுக்கு அடக்க முடியாமல் வரும் சிறுநீர்: மாத்திரைக்கு முன் ஒரு நோட்டு

அம்மாவுக்கு 82 வயது, வாக்கர் பிடித்துத்தான் நடப்பாள். போன ஆண்டிலிருந்து, சிறுநீர் முட்டுகிறது என்று தெரிந்ததுமே வந்துவிடும். பாத்ரூம் வாசலை எட்டுவதற்குள் புடவை நனைந்திருக்கும். இரவில் நாலைந்து முறை எழுவாள். டாக்டர் இதை ‘ஓவர்ஆக்டிவ் பிளாடர்’ என்றார், அதாவது நிரம்பும் முன்பே சுருங்கிவிடும் சிறுநீர்ப்பை. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். இருட்டில் அவசரமாக எழுந்து விழுந்தால் இடுப்பெலும்பே போய்விடும்.

பரிசோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள்: சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, சிறுநீர் போன பிறகும் சிறுநீர்ப்பையில் எவ்வளவு தங்குகிறது என்று காட்டும் ஸ்கேன். மலச்சிக்கலையும் மறக்காமல் சொல்லுங்கள். குடலில் மலம் இறுகிக் கிடந்தால் சிறுநீர்ப்பையை அழுத்தும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சளி மாத்திரை உட்பட.

அப்புறம் நோட்டு. மூன்று நாள் போதும். எத்தனை மணிக்குப் போனாள், எவ்வளவு, துணி நனைந்ததா, என்ன குடித்தாள் என்று எழுத வேண்டும். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் பகலில் ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லிதான். இரவிலோ 250, 300. சிறுநீர்ப்பை மட்டும் காரணமென்றால் இரவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்திருக்கும். பகலெல்லாம் காலில் வீக்கமாகத் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் கலந்து சிறுநீராக இறங்கியிருக்கிறது. அவள் சாப்பிட்ட அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையும் கால் வீக்கம் தரக்கூடியது. டாக்டர் அதை மாற்றினார். மதியம் இரண்டு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கச் சொன்னார். இரவில் எழுவது இரண்டு முறையாகக் குறைந்தது.

நான் தவறியது தண்ணீரில். குடித்தால்தானே வரும் என்று ஒரு நாளைக்கு மூன்று டம்ளராகக் குறைத்தேன். சிறுநீர் கரும் மஞ்சளாகி, எரிச்சலெடுத்து, முன்பைவிட அடிக்கடி போக வேண்டியதாயிற்று. மலச்சிக்கல் வேறு. இப்போது ஆறு டம்ளர், பெரும்பகுதி மாலை ஆறுக்குள். மூன்று வேளைக் காபி ஒரு வேளையானது. (இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தண்ணீர் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

அடுத்து, நேரம் வைத்துக் கூட்டிப் போவது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பார்கள். அம்மாவுக்குக் காலையில் ஒன்றரை மணி நேரத்திலேயே நனைந்துவிடுகிறது என்று நோட்டு காட்டியது, அதனால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்தேன். “வருதாம்மா?” என்று கேட்டால் “இல்லை” என்பாள், பத்து நிமிடத்தில் நனைந்திருக்கும். இப்போதெல்லாம், “வாம்மா, ஒரு நடை போயிட்டு வந்துடலாம்” என்று கையை நீட்டுவேன், எழுந்துவிடுவாள்.

முட்டும்போது ஓடக் கூடாது. உட்கார்ந்து, வாயுவை அடக்குவதுபோல் ஐந்தாறு முறை சட்சட்டென்று இறுக்கித் தளர்த்தினால் அந்த வேகம் தணியும். பிறகு மெதுவாக நடக்கலாம். பழக இரண்டு மாதம் ஆனது.

டயப்பரைவிட கட்டிலோரத்தில் ஒரு கமோடு நாற்காலியைத்தான் நான் சொல்வேன். கைப்பிடி இருக்கட்டும், சக்கரம் வேண்டாம். நாற்காலிக் கால்களின் அடியில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். வீட்டில் புடவைக்குப் பதில் நைட்டி.

மாத்திரை கடைசியில்தான். முதலில் அம்மாவுக்கு எழுதிய ஆக்ஸிபியூட்டினின் ஒரே வாரத்தில் நாக்கை வறட்டியது. ஒரு மாலை, இறந்துபோன தன் அண்ணன் எப்போது வருவார் என்று கேட்டாள். நான் நடுங்கிப்போனேன். ஆக்ஸிபியூட்டினின் வகை மாத்திரைகள் முதியவர்களின் நினைவைக் குழப்பக்கூடும், மறதி உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து. டாக்டரிடம் சொன்னதும் நிறுத்திவிட்டு மிராபெக்ரான் 25 மில்லிகிராம் கொடுத்தார். இது பிரஷரை ஏற்றலாம், அதனால் வாரம் ஒருமுறை பார்த்து எழுதுகிறேன். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

பின்சேர்க்கை: அப்பாவுக்கும் இதையே செய்யலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நோட்டும் நேரமும் அப்படியே பொருந்தும். ஆனால் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கி, முழுதாகப் போகாமல் தேங்கியும் இப்படி ஒழுகலாம். எவ்வளவு தங்குகிறது என்று காட்டும் அந்த ஸ்கேன் பார்க்காமல் மாத்திரை தொடங்கினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. அடிவயிறு உப்பி, சொட்டு சொட்டாக மட்டும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.