பாம்பன் கரையில் ஒரு நோட்டு: மானிடவியல் எழுதிப் பழகுவது எப்படி?

மக்களோடு பழகி அவர்கள் வாழும் விதத்தை எழுதும் பண்பாட்டு மானிடவியலைப் படிக்கத் தொடங்குபவர்கள் "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள் என்பேன். வாங்கிக்கொண்டு பாம்பன் சின்னப்பாலத்துக்கு வாருங்கள், கடற்பாசி எடுக்கும் பெண்கள் கரை திரும்பும் நேரமாகப் பார்த்து.

படி 1: முதல் நாள் நோட்டை வெளியே எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986 முதல் தேசியப் பூங்கா. தீவுப் பக்கம் பாசி எடுத்தால் வனத்துறையோடு சிக்கல். நோட்டும் கையுமாக நிற்கும் புது ஆளை யார்தான் நம்புவார்கள்? யார், எதற்கு வந்தேன் என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். ஆள் பெயரும் தீவின் பெயரும் குறிப்பில் வேண்டாம்.

படி 2: கண்டதை எழுதுங்கள். "இப்பெண்கள் வறுமையில் வாடும் கடின உழைப்பாளிகள்" என்று முதல் குறிப்பு எழுதினேன். மதுரையில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம், பஸ் காசு மிச்சம். அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "விரலில் சுற்றிய சேலைத்துணியை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார். சுண்டுவிரலில் மட்டும் துணி இல்லை. கேட்டேன். 'அது பாறையில படாதுல்ல' என்றார்."

படி 3: அவர்கள் சொல்லையே எழுதுங்கள். நமக்கு எல்லாமே கடற்பாசி. அவர்களுக்கு மரிக்கொழுந்து வேறு, கஞ்சிப்பாசி வேறு, கட்டக்கோரை வேறு.

படி 4: கரையில் கிறுக்கியதை அன்று இரவே விரித்து எழுதி, போனில் படம் எடுத்துவையுங்கள். மானிடவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948-இல் மைசூர்ப் பக்கத்து ராம்புரா கிராமத்தில் தங்கிச் சேர்த்த குறிப்புகளிலிருந்து பல வருடம் உழைத்துத் தொகுத்து வைத்திருந்தவை 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் போயின. நினைவிலிருந்தே புத்தகம் எழுதினார். அது அவரால் முடிந்தது.

படி 5: கோட்பாடு இப்போதுதான். பசிபிக்கில் நியூகினி அருகே உள்ள டிரோப்ரியண்ட் தீவுகளில் காயலில் மீன் பிடிக்க மந்திரம் கிடையாது, ஆபத்தான திறந்த கடலுக்குப் போகத்தான் மந்திரம் என்றார் அங்கே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி. அதை அப்படியே இங்கே ஒட்டிவிடாதீர்கள். தனுஷ்கோடியில் அமைதியான பாக் விரிகுடாப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். அலையடிக்கும் மறுபக்கம் ஆண்கடல். இரண்டுக்கும் இறங்குமுன் சாமி கும்பிடுவதில் வித்தியாசம் உண்டா? வாடைக் காலத்தில் பெண்கடல்தான் கொந்தளிக்கும். அப்போது அதை என்னவென்று சொல்கிறார்கள்? கட்டுரையின் முதல் பத்தியை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.