சதுரங்கத்தில் புதியவர்கள் ஓப்பனிங்கைத் தேர்ந்தெடுக்கும் முறை

காய்களை நகர்த்தத் தெரிந்து, காஸ்லிங் செய்யவும் கட்டங்களின் பெயர்களைப் படிக்கவும் பழகிவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓப்பனிங்குகளை, அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசைகளை, வகைப்படுத்தும் குறியீட்டு முறையில் ஏ00 முதல் இ99 வரை 500 பிரிவுகள் உள்ளன. அந்தப் பட்டியலைக் கண்டு மலைத்து, ஒன்றைத் தொடங்குவதும் ஒரு தோல்விக்குப் பின் கைவிடுவதுமாக இருப்பவர்கள் பலர். உண்மையில் தேவைப்படுபவை மூன்றுதான்: வெள்ளையில் ஆட ஒரு ஓப்பனிங், கறுப்பில் ஆடும்போது இ4-க்கு ஒரு பதில், டி4-க்கு ஒரு பதில். இவற்றை முதல் ஐந்தாறு நகர்வுகள் வரை, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லும் அளவுக்குக் கற்றால் போதும்.

படி 1: வெள்ளைக்கு இத்தாலியன்

சிப்பாய் இ4, சிப்பாய் இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4. இதுதான் இத்தாலியன். 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய ஆட்டக்காரர் கிரெக்கோ ஆராய்ந்து எழுதிய இந்த ஓப்பனிங்கை இன்றைய கிராண்ட்மாஸ்டர்களும் ஆடுகிறார்கள். நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், ஒவ்வொரு நகர்வின் நோக்கமும் பலகையிலேயே கண்ணுக்குத் தெரிகிறது என்பதே: சிப்பாய் மையத்தைப் பிடிக்கிறது, குதிரை இ5-ஐத் தாக்குகிறது, பிஷப் ராஜா மட்டுமே காக்கும் எஃப்7-ஐக் குறிவைக்கிறது, நான்காவது நகர்விலேயே காஸ்லிங் செய்யவும் முடிகிறது.

லண்டன் சிஸ்டத்தையே பலர் முதலில் சொல்லித் தருகிறார்கள். டி4, பிஷப் எஃப்4, இ3, சி3 என்று யார் எதிரே இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அமைப்பை அதில் கட்டலாம். முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சனும் ஆடியிருக்கும் தரமான ஓப்பனிங்தான். ஆனால் எதிராளியின் நகர்வைப் பார்க்காமலேயே ஆடும் பழக்கத்தை அது புதியவருக்கு ஏற்படுத்திவிடும் என்பதால், அதை இரண்டாவதாகக் கற்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

படி 2: இ4-க்குப் பதில் இ5

வெள்ளையில் இத்தாலியன் கற்றவருக்கு இந்தப் பதிலில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும், ஏனெனில் அதே நிலைகளை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறார். எதிராளி பிஷப்பை சி4-க்குக் கொண்டுவந்தால், குதிரையை எஃப்6-க்கு நகர்த்தும் முன் பிஷப்பை சி5-க்குக் கொண்டுவாருங்கள். குதிரை முதலில் வந்தால், வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவி எஃப்7-ஐ இரட்டைத் தாக்குதலுக்கு உள்ளாக்கும். அப்போது கறுப்பு டி5 ஆடி, வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டியதும் குதிரையால் திருப்பி வெட்டாமல் சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்த வேண்டும் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கும். பிஷப் சி5 முதலில் வந்துவிட்டால், உடனே ஜி5-க்குத் தாவும் குதிரையை டி8-இல் இருக்கும் ராணி அப்படியே வெட்டிவிடும்.

இ4-க்கு சி5 ஆடும் சிசிலியனைச் சில காலம் தள்ளி வையுங்கள். நைடார்ஃப், டிராகன் என அதன் கிளைகள் பல. அவற்றில் காரணம் புரியாமல் மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி மிக அதிகம். இ5 பிடிக்காதவர்கள் காரோ-கான் (இ4-க்கு சி6) ஆடலாம்.

படி 3: டி4-க்குப் பதில் டி5

வெள்ளை சி4 ஆடினால் இ6 ஆடுங்கள். பிறகு குதிரை எஃப்6, பிஷப் இ7, காஸ்லிங். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இ6-க்குப் பதிலாக உடனே சி4 சிப்பாயை வெட்டிவிட்டு, பிறகு பி5 ஆடி அந்த வெட்டிய சிப்பாயைக் காப்பாற்ற முயலாதீர்கள். வெள்ளை இ3, பிறகு ஏ4 ஆடும். நீங்கள் சி6 ஆடித் தாங்கினால், பி5-இல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்ட பின் வெள்ளை ராணி எஃப்3-க்கு வந்து ஏ8 யானையைத் தாக்கும், ஒரு காயாவது போய்விடும்.

படி 4: எதிராளி பாடத்தை விட்டு விலகும்போது

என்னை நெடுநாள் தடுமாற வைத்தது இந்தப் படிதான். புதியவர்களோடு ஆடும் எதிராளிகளும் பெரும்பாலும் புதியவர்களே என்பதால், மூன்றாவது நகர்விலேயே நீங்கள் படிக்காத நிலை வந்துவிடும். அப்போது நினைவில் தேடுவதை நிறுத்திவிட்டு, அந்த நகர்வு எதை மிரட்டுகிறது என்று முதலில் பாருங்கள். அடுத்து, அதனால் அவர் எதைப் பாதுகாப்பின்றி விட்டார் என்று பாருங்கள். இரண்டிலும் ஒன்றுமில்லையென்றால் இன்னும் வெளிவராத ஒரு காயை மையத்தை நோக்கி வெளியே கொண்டுவாருங்கள்.

இ4, இ5-க்குப் பிறகு வெள்ளை ராணி நேராக எச்5-க்கு வரும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ராணியை விரட்டும் ஆசையில் உடனே ஜி6 ஆடினால், ராணி இ5 சிப்பாயைச் செக்குடன் வெட்டி, அடுத்து எச்8 யானையையும் எடுத்துக்கொள்ளும். மிரட்டலைக் கவனித்தால் சரியான பதில் தானே தெரியும்: தாக்கப்படுவது இ5, எனவே குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4 ஆடியதும் மிரட்டல் எஃப்7-இல் மேட்டாக மாறுகிறது. இப்போதுதான் ஜி6 ஆட வேண்டும். ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மீண்டும் மேட்டை மிரட்டினால் குதிரை எஃப்6. இரண்டு குதிரைகளும் வெளியே வந்துவிட்டன. வெள்ளைக் குதிரை நிற்க வேண்டிய எஃப்3-ஐ அதன் ராணியே அடைத்துக்கொண்டிருக்கிறது. இந்த வரிசையில் மனப்பாடம் செய்ய வேண்டிய நகர்வு ஒன்றுகூட இல்லை என்பதைப் பலகையில் காய்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஆட்டம் முடிந்த பிறகு

லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரையே (ஒரு நிலையில் மற்றவர்கள் ஆடிய நகர்வுகளைக் காட்டும் கருவி) நான் விரும்புகிறேன். முழுவதும் இலவசம், விளம்பரமும் கிடையாது. அதில் மாஸ்டர்களின் ஆட்டங்களை விட்டுவிட்டு, லிசெஸ் ஆட்டங்களைத் தேர்ந்து உங்கள் ரேட்டிங்குக்கு வடிகட்டிப் பாருங்கள். நீங்கள் சந்திக்கப் போகும் நகர்வுகள் அங்கேதான் இருக்கும். நகர்வுகளை மதிப்பிடும் கணினி நிரலான எஞ்சினை முதலில் அணைத்து வையுங்கள். எங்கே பாடம் முடிந்தது, அங்கே என்ன நினைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிய பின்னரே அதை இயக்குங்கள்; அதன் மதிப்பீட்டில் 0.3 சிப்பாய் அளவிலான வேறுபாடுகளுக்காக ஓப்பனிங்கை மாற்ற வேண்டியதில்லை.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

வெள்ளையில் இ4 ஆடியும் கறுப்பு இ5 ஆடாவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். மேலே இதை நான் சொல்லவில்லை. இ6 அல்லது சி6 வந்தால் டி4 ஆடி மையத்தில் இரண்டு சிப்பாய்களை நிறுத்துங்கள். சி5 வந்தால் முதலில் சி3 ஆடி, அந்தச் சிப்பாயின் துணையோடு டி4-க்குத் தயாராகுங்கள்.

கறுப்பில் லண்டனைச் சந்திக்கும்போது சிரமமாக இருக்கிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பிஷப் எஃப்4-க்குப் போய்விட்டதால் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை என்பதைப் பயன்படுத்துங்கள்: சி5, குதிரை சி6, வாய்ப்புக் கிடைத்ததும் ராணி பி6. வெள்ளை முதல் நகர்வாக சி4 ஆடினால் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். இ6, அடுத்து டி5 என்று ஆடுங்கள், பெரும்பாலும் படி 3-இல் கற்ற நிலைக்கே ஆட்டம் வந்து சேரும்.