இணைப்புகள் மட்டும் வேண்டுமா? ‘வெப்’ பிரிவைத் தட்டுங்கள்

கூகுளில் தேடியதும், முடிவுகளுக்கு மேலே உள்ள வரிசையில் ‘வெப்’ என்பதைத் தட்டுங்கள். கண்ணில் படாவிட்டால் ‘மேலும்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். படம், வீடியோ, செய்திப் பெட்டி, செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கம் எல்லாம் விலகி, வலைப்பக்க இணைப்புகள் வரிசையாக நிற்கும்.

2007 முதலே கூகுள் செய்தி, படம், வீடியோ, வரைபடம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் கலந்து பரிமாறுகிறது. உங்களுக்கு எது தேவைப்படும் என்பது அதன் ஊகம்தான். வாஷிங் மெஷின் காட்டும் பிழைக் குறியீட்டைத் தேடினால், வீடியோக்களையும் ‘மற்றவர்கள் கேட்டவை’ பெட்டியையும் தள்ளிக்கொண்டே போய்த்தான் தயாரிப்பாளரின் கையேட்டை எட்ட வேண்டியிருக்கும். 2024 மே மாதம் வந்த ‘வெப்’ பிரிவில் இந்தக் கலவையே கிடையாது. (விளம்பரத் தொல்லைக்கு இது மருந்தல்ல.)

வானிலை, நாணய மாற்று, ஆட்டத்தின் ஸ்கோர் போன்ற ஒரு வரி விடைகளுக்கு இது வீண் வேலை. அங்கே கலவைப் பக்கமே வேகமானது. அருகிலுள்ள கடையைத் தேடுகிறவர்கள் நேராக வரைபடத்துக்கே போய்விடலாம்.