டோக்கியோவில் ஒரு நாள்: ஆரஞ்சு ரயிலை விடாதீர்கள்

முப்பத்திரண்டு வருஷம் மதுரை டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். மகள் டோக்கியோவில் குடியேறிய பிறகு இரண்டு தடவை போய் வந்தேன். இப்போது பசுமலைப் பக்கம் யார் வீட்டுப் பிள்ளை ஜப்பானுக்கு வேலைக்குப் போனாலும், விசா வந்ததும் பெற்றவர்கள் என்னிடம் வந்து, "அண்ணே, ஒரு நாள்தான் இருக்கு, என்ன பாக்கலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ரூட். அந்த ஊர் ரயில் வரைபடம் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி இருக்கும். அதை மடித்துப் பையில் வையுங்கள். கின்சா லைன் என்று ஒன்று, ஆரஞ்சு நிறம். 1927-ல் ஓட ஆரம்பித்தது, ஆசியாவிலேயே பழைய சுரங்க ரயில் அதுதான். ஒரு முனை ஷிபுயா, மறு முனை அசகுசா, 19 நிறுத்தம். பெயர் படிக்க வராவிட்டாலும் ஒவ்வொரு நிலையத்துக்கும் எண் உண்டு: ஷிபுயா ஜி 1, அசகுசா ஜி 19. நம்மூர் ஸ்டேஜ் கணக்குத்தான். சுய்கா அல்லது பாஸ்மோ என்ற பயண அட்டையில் பணம் போட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு. ரயிலுக்குள் போன் பேசாதீர்கள், அங்கே யாரும் பேச மாட்டார்கள்.

காலை 7 மணிக்கெல்லாம் அசகுசாவில் இருக்க வேண்டும். அங்கே சென்சோஜி கோயில். கோடையில் 6 மணிக்கும் குளிர்காலத்தில் 6.30-க்கும் நடை திறந்துவிடும். பத்து மணிக்கு மேல் போனால் சித்திரைத் திருவிழாக் கூட்டம். காலையில் போனால் மீனாட்சி கோயிலில் திருவனந்தல் பார்த்த நிம்மதி. 628-ல் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த அண்ணன் தம்பி வலையில் கண்ணோன் சிலை கிடைத்தது என்பது தல வரலாறு. கண்ணோன் வேறு யாருமில்லை, நம் நாட்டிலிருந்து போன, பௌத்தர்கள் கும்பிடும் அவலோகிதர்தான். 1945 குண்டுவீச்சில் கோயில் எரிந்துபோய், இப்போதிருக்கும் மண்டபம் 1958-ல் எழும்பியது.

மண்டபத்துக்கு முன்னால் பெரிய உலோகச் சட்டி, அதில் சாம்பல் நிரப்பி ஊதுவத்தி நட்டிருப்பார்கள். சனங்கள் சுற்றி நின்று புகையை இரண்டு கையாலும் வாரி வாரி உடம்பில் எந்த இடம் நோகிறதோ அங்கே தடவிக்கொள்கிறார்கள். தீபாராதனைத் தட்டில் நாம் ஒற்றிக்கொள்வது போலவேதான். என் பக்கத்தில் ஒரு பாட்டி முழங்காலில் புகையைத் தேய்த்தார். எனக்கும் படிக்கட்டில் நின்றே தேய்ந்த முழங்கால். நானும் தேய்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். பேச்சே தேவைப்படவில்லை.

உண்டியலுக்கு 5 யென் காசு எடுத்து வையுங்கள். நடுவில் ஓட்டை இருக்கும், அந்தக் காலத்து ஓட்டைக் காலணா மாதிரி. அவர்கள் பாஷையில் 5 யென்னும் 'பந்தம்' என்ற சொல்லும் ஒரே ஓசை, அதனால் அது ராசி. 100 யென் போட்டுக் குறியும் பார்க்கலாம்: உலோகக் குடுவையைக் குலுக்கினால் ஒரு குச்சி வரும், அதன் எண்ணுள்ள இழுப்பறையிலிருந்து சீட்டை எடுக்க வேண்டும். கெட்ட பலன் வந்தால் கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம். அப்புறம் நகமிசே கடைவீதி. புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலம் எனக்கு ஞாபகம் வந்தது. ஸ்கைட்ரீ கோபுரம் 634 மீட்டர். ஆற்றங்கரையில் நின்றாலே நன்றாகத் தெரிகிறது, மேலே ஏறக் காசு செலவழிக்க வேண்டாம்.

மதியம் கின்சா, ஜி 9. கபுகி நாடக அரங்குப் பக்கம் நாயர் உணவகம் இருக்கிறது. நம் சுதந்திரப் போராட்டத்துக்காக அங்கே உழைத்த ஏ.எம். நாயர் 1949-ல் தொடங்கியது. கோழிக் குழம்புச் சோறு, நன்றாகப் பிசைந்து சாப்பிட வேண்டும். சைவக்காரர்கள் கவனம்: அந்த ஊர் நூடுல்ஸ் சாற்றில் பெரும்பாலும் மாசிக் கருவாடு மாதிரி ஒன்றைப் போட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. புளிச்சோறு கட்டிக்கொண்டு போவது உத்தமம். குப்பைத் தொட்டியைத் தெருவில் தேடாதீர்கள், பையிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

அடுத்த இடத்துக்கு யாரும் உங்களைக் கூட்டிப்போக மாட்டார்கள், நீங்களாகப் போக வேண்டும். ஜி 5 அகசகா மித்சுகேயில் இறங்கி, அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் சிவப்பு நிற மருனோஉச்சி லைன். ஓகிகுபோ போகும் வண்டியா என்று பார்த்து ஏறி, எம் 4 ஹிகாஷி கோயென்ஜி. பத்து நிமிஷ நடைக்குள் ரென்கோஜி என்ற சின்னக் கோயில். நேதாஜியின் அஸ்தி 1945 செப்டம்பரிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அது அவருடையதுதானா என்று இங்கே இன்னும் வாதம் நடக்கிறது. நான் அந்த வாதத்துக்குப் போகவில்லை. என் தாத்தா மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜியின் ஐ.என்.ஏ. படையில் சேர்ந்தவர். உசிலம்பட்டி வீட்டில் சாமி படங்களுக்கு நடுவே நேதாஜி படத்துக்கும் தினம் பூ வைப்பார். முற்றத்தில் நேதாஜியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. நேருவும் ராஜேந்திர பிரசாத்தும் வந்தபோது எழுதியவற்றைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். மண்டபம் பெரும்பாலும் பூட்டியிருக்கும், பரவாயில்லை. மதுரையிலிருந்து கொண்டுபோன ஒரு முழம் மல்லிகை வாடிப்போயிருந்தது. அதைச் சிலையின் காலடியில் ஓரமாக வைத்துக் கும்பிட்டேன். தாத்தா பார்க்காத இடம். அரை மணி நேரமாவது இருந்துவிட்டு வாருங்கள்.

சாயங்காலம் அதே சிவப்பு வண்டியில் எம் 7 நிஷி ஷின்ஜுகு. டோக்கியோ அரசு அலுவலகக் கட்டடத்தின் 45-வது மாடி, 202 மீட்டர் உயரம், கட்டணம் கிடையாது. பையைச் சோதித்துவிட்டு லிஃப்டில் அனுப்புவார்கள். பொழுது சாய்வதற்கு அரை மணி முன்னால் ஏறுங்கள். குளிர்கால மாதத்தில் வானம் தெளிந்திருந்தால் மேற்கே ஃபூஜி மலை தெரியும். ஆபீஸ் விடும் நேரத்தில் கீழே ரயிலில் கால் வைக்க முடியாது, எட்டு மணி வரை மேலேயே உட்கார்ந்து விளக்குகளைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.