ஆபீஸில் காத்தோ பிமா வந்தால் என்ன செய்வது? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழி

மொரீஷியஸின் எபேனில், நான்காவது மாடியில் எங்கள் ஆபீஸ். காலை பத்து மணிக்கு ஒரு பழுப்புக் காகிதப் பை வந்துவிடும். எண்ணெய் ஊறி அதன் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். உள்ளே சூடு ஆறாத காத்தோ பிமா. நம் பருப்பு வடையைச் சின்ன உருண்டைகளாகப் பிடித்துப் பொரித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் நாலைந்தை நசுக்கி வைத்துச் சாப்பிடுவதுதான் இங்கே பலருக்குக் காலை உணவு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.3 என்று எனக்கு முடிவு வந்தது. இங்கே மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு கிடைக்கும், சுமார் 113. நீரிழிவு இல்லை, ஆனால் அதன் வாசல்படி. பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் தீவு இது. அம்மா ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பயந்துபோய் "இனி எதையும் தொடமாட்டேன்" என்று முடிவு செய்தேன். மூன்றாம் நாள் மதியம் பை என் மேசை வழியாகப் போனது, கையும் அதற்குள் போனது.

வழி காட்டியது தைப்பூசம். காவடி எடுப்பவர்கள் கொடியேற்றம் முதல் பத்து நாள் விரதம் இருப்பார்கள். இங்கே அதைக் கரேம் என்பார்கள். அந்தப் பத்து நாளும் யாரும் அவர்களை வற்புறுத்துவதில்லை, அவர்களும் பையைப் பார்த்துத் தடுமாறுவதில்லை. முடிவு முன்கூட்டியே எடுத்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்த மாதிரி முன்கூட்டியே முடிவெடுத்து வைப்பதற்குத்தான்.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் நிறுத்த வேண்டாம். என்ன தின்றீர்கள், எத்தனை மணிக்கு, அப்போது பசித்ததா என்று மட்டும் போனில் குறித்து வையுங்கள். எனக்குத் தெரிந்தது இதுதான்: காலையில் சாப்பிடாத நாளில் பத்து மணிக்கு நாலு போகிறது. மதியம் வெறும் நூடுல்ஸ் சாப்பிட்ட நாளில் மூன்றரைக்கு நாபொலித்தேன் போகிறது (இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் ஜாம் வைத்து, மேலே ரோஜா நிறச் சர்க்கரைப் பூச்சு).

படி 2: பை வருவதற்கு முன்பே சாப்பிட்டு முடியுங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்றதெல்லாம் தவறினாலும் இதை விடாதீர்கள். பசியோடு இருப்பவருக்கு எந்த அறிவுரையும் வேலை செய்யாது. புரதமும் நார்ச்சத்தும் உள்ள உணவு மெதுவாகச் செரிக்கும், பசி திரும்ப நேரமாகும். அதற்குச் சுண்டலை மிஞ்சியது எனக்குத் தெரிந்து இல்லை. சந்தையில் அவித்த கொண்டைக்கடலையும் ஓட்டோடு அவித்த வேர்க்கடலையும் கிடைக்கும், ஆனால் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். வீட்டில் செய்வது நல்லது.

சனி இரவு 200 கிராம் கொண்டைக்கடலையை ஊற வையுங்கள். ஞாயிறு காலை குக்கரில் வேகவைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். கடைக்காரரிடம் "காரிப்பூலே" என்று கேட்டால் கறிவேப்பிலையும், "கோத்தோமிலி" என்றால் கொத்தமல்லியும் தருவார். நம் சொற்கள் இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் இப்படி வாழ்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். ஆறியதும் மூன்று டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள், புதன் வரை வரும். தேங்காயைச் சாப்பிடும் அன்று காலை சேர்த்தால் போதும். வியாழன், வெள்ளிக்கு வேர்க்கடலை, அல்லது குளிர்காலமாக இருந்தால் கொய்யா.

நேரம் முக்கியம். ஒன்பதே முக்காலுக்குச் சாப்பிடுங்கள், பத்தரைக்கு அல்ல.

படி 3: பையின் இடத்தை மாற்றுங்கள்

எங்கள் பிரிவில் பை பிரிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். காகிதம் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒன்று. "எண்ணெய் காகிதத்தில் படுகிறது, உள்ளே பேன்ட்ரியில் வைக்கலாமா?" என்று கேட்டேன். உண்மையான காரணம்தான், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மூடி போட்ட டப்பா ஒன்றும் வாங்கி வைத்தேன். பாதி பிரச்சினை அதோடு தீர்ந்தது.

கைக்கெட்டுவதை மாற்றினால் உடம்பு மாறும் என்பதற்கு இந்த நாடே சாட்சி. 1987இல் அரசு மானிய விலை ரேஷன் எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது. 1992இல் அளந்தபோது மக்களின் சராசரி ரத்தக் கொழுப்பு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. வேறு முயற்சிகளும் கூடவே நடந்தன, ஆனாலும் எண்ணெய்க்கு அதில் பெரிய பங்கு. சமையல் செய்தவர்கள் யாரும் அதற்காகத் தனியாக வாயைக் கட்டவில்லை.

படி 4: ஒரு வாக்கியத்தைத் தயாராக வையுங்கள்

இங்கே தின்பண்டம் நீட்டுவது பாசம். "டயட்" என்று சொன்னால் ஒரு துண்டில் என்ன ஆகும் என்று பேச்சு வளரும். நான் சொல்வது: "மெர்சி, மோ ஃபெக் மான்ஸே." நன்றி, இப்போதுதான் சாப்பிட்டேன். படி 2ஐச் செய்திருந்தால் இது பொய்யும் இல்லை. சிரித்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பையைப் பார்க்காதீர்கள்.

படி 5: டீயை எண்ணுங்கள்

ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் சர்க்கரை இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கப்புக்கு இரண்டு வீதம் மூன்று டீ குடித்தால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறையுங்கள். வனிலா மணக்கும் இங்கத்திய டீயில் சர்க்கரை குறைந்தது சீக்கிரம் பழகிவிடும்.

படி 6: பண்டிகைக்குத் தனி விதி

இந்தத் தீவில் எல்லா மதப் பண்டிகையும் ஆபீஸுக்கு வரும். சீனப் புத்தாண்டுக்குக் காத்தோ லாசிர் (ஒட்டும் அரிசி மாவில் செய்யும் இனிப்பு), ஈகைத் திருநாளுக்குப் பிரியாணி, தீபாவளிக்குக் காத்தோ பதாத். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவுக்குள் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரித்தது, நம் சோமாசியின் உறவு. இவற்றை மறுக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. யாரோ விடியற்காலையில் எழுந்து செய்தது அது. காலண்டரில் அந்த நாட்களை முன்பே குறித்து வையுங்கள். அன்று ஒன்று எடுத்து, தட்டில் வைத்து, உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுங்கள். மறுநாள் மீந்து வரும் டப்பாவுக்கு இந்த விதி கிடையாது.

கணக்குப் பிரிவில் ஒரு தாந்தின் (அத்தை மாதிரி ஒரு பெரியவர்) இருக்கிறார், என் அம்மா வயது. போன தீபாவளிக்கு டப்பாவைத் திறந்ததும் என்னிடம்தான் முதலில் வந்தார். "உனக்கு ஒன்றுதானே?" என்று கேட்டு, நன்றாகப் பொன்னிறமாக வந்த ஒன்றைத் தேடி எடுத்து என் தட்டில் வைத்தார். அன்று மதியம் அவர் என் டப்பாவிலிருந்து சுண்டல் எடுத்துக்கொண்டார்.