திறப்பு விழா எப்போது நடந்தது? திகதியைச் சரியாக எடுக்கும் வழி

கொழும்பில் எந்தக் கட்டடம், எந்தப் பாதை எப்போது திறக்கப்பட்டது என்று ஒப்படைக்குப் பட்டியல் போடும் பிள்ளைகள் மட்டக்களப்பிலும் நிறைய. ஒன்றுக்கு ஒரு ஆண்டு என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது போதாது. கொப்பியில் மூன்று நிரல் கீறுங்கள்: வேலை தொடங்கியது, விழா நடந்தது, சனம் பாவிக்கத் தொடங்கியது.

தாமரைக் கோபுரத்தையே எடுங்கள். 2012இல் வேலை தொடங்கி, 2019 செப்டெம்பர் 16 அன்று அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திறந்து வைத்தார், ஆனால் சனம் டிக்கெட் எடுத்து மேலே ஏற முடிந்தது 2022 செப்டெம்பர் 15இலிருந்துதான். மூன்று வருச இடைவெளி! கோச்சியும் அப்படித்தான். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ரயிலின் முதல் ஓட்டம் 1864 டிசம்பர் 27, பொதுமக்களுக்கான சேவை 1865 ஒக்டோபர் 2. கொழும்புக் கோட்டையில் இருக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு மூன்று நிரலும் காணாது, 1857இல் மணிக்கூடாக எழும்பியது 1867இல் வெளிச்சவீடாகவும் ஆனது.

கொழும்புக்குப் போகுமுன் மட்டக்களப்பில் இருக்கும் கல்லடியில் பழகிப் பாருங்கள். அங்கே பழைய பாலமும் புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பழையது 1924, புதியது 2013. பழையதன் பெயர் லேடி மன்னிங் பாலம், தேசாதிபதி வில்லியம் மன்னிங்கின் மனைவி பெயர். மன்னிங் இங்கே ஆண்டது 1918 முதல் 1925 வரை, ஆகவே 1924 பொருந்துகிறது. ஆளின் பெயரை வைத்துத் திகதியைச் சரிபார்ப்பது இப்படித்தான்.

கல்வெட்டு இருந்தால் முழுக் கல்லையும் படமெடுங்கள். அமைச்சர்மாரின் பெயர் பெரிதாகவும் திகதி ஒரு மூலையிலும் இருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். அது அடிக்கல்லா, திறப்புக் கல்லா என்று முதலில் வாசியுங்கள், பெரும்பாலான பிழை இங்கேதான் வருகிறது.

அப்புறம் வயதானவர்களிடம் போங்கள். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். "புயலுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள், 1978 நவம்பர் 23ஐ எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். இளையவர்களுக்குச் சுனாமி. ஆண்டு ஓரளவு பிடிபட்டதும் நூலகத்தில் பழைய பத்திரிகையைப் புரட்டலாம். விழா நாளின் பத்திரிகையில் 'இன்று திறக்கப்படவுள்ளது' என்றுதான் இருக்கும், மறுநாள் பத்திரிகையில்தான் நடந்ததா, ஒத்திவைத்தார்களா என்பது தெரியும்.

இரண்டு இடத்தில் இரண்டு திகதி வந்தால் இரண்டையும் எழுதி, எங்கே கிடைத்தது என்று பக்கத்தில் குறியுங்கள்.